வினா ஒன்று, விடை நான்கு

மேடையில் நின்று பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு. எதிரே அமர்ந்திருப்போரின் முகங்களைப் பார்த்தே, தம் பேச்சு அவர்கள் உள்ளத்திற் பதிகின்றதா இல்லையா என்பதை அவர் அறிந்துகொள்ளலாம். தலையசைப்பு, கொட்டாவி, பின்வரிசையிலிருந்து மெல்ல எழுந்து செல்வோரின் காலடி ஓசை ஆகிய யாவும் அவருக்கு விடை கூறும். வானொலியிற் பேசுபவருக்கோ பத்திரிகையில் எழுதுபவருக்கோ இவ்வசதி கிடையாது. ஒலிவாங்கி தலையசைப்பதில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத அவையோரின் கருத்தை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி, வானொலி தோன்றிய நாள் முதலாகவே ஒலிபரப்பாளரைத் தொடர்ந்து வந்துள்ளது.

இதற்கு முதலிற் கிடைத்த விடை கடிதமே. 1952ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் திரைப்பாடல் நிகழ்ச்சிக்கு இந்தியாவிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. கடிதம் எழுதியவர், வெறுமனே கேட்பவராக இருந்த நிலை மாறி, அந்நிகழ்ச்சியில் தமக்கும் ஒரு பங்குண்டு என்று எண்ணலாயினர். எனினும், கடிதம் எழுதுவோர் நேயர் அனைவரையும் ஒத்தவரல்லர். எழுத்துப் பழக்கமும் ஓய்வும் உடையவர், மிக மகிழ்ந்தவர், மிகச் சினந்தவர் ஆகியோரே பெரும்பாலும் எழுதுவர். நடுவில் நிற்கும் பெருந்தொகையினர் வாளாவிருப்பர். வந்து சேரும் கடிதங்களைக் கொண்டு மட்டும் நேயர் மனத்தை அளந்துவிட இயலாது என்பதாலேயே, பி.பி.சி. நிறுவனம் 1936ஆம் ஆண்டில் றொபேர்ட் சில்வி என்பவரை அமர்த்தி, நேயர்களைத் தானே தேடிச் சென்று கேட்டறியும் ஆராய்ச்சியைத் தொடங்கியது.

ஆகவே, அவையோரிடம் வினா எழுப்புவதில் இரு நோக்கங்கள் உள. அவர்களை ஈடுபடச் செய்தல் ஒன்று. அவர்களைப் பற்றிய உண்மையை அறிதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்வதாலேயே பல தவறுகள் விளைகின்றன. இணையத்தில் இயங்கும் தொழில்சார் சமூக வலைத்தளங்களில் நடைபெறும் வாக்கெடுப்புகளை விளங்கிக்கொள்வதற்கும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தொழில்சார் சமூக வலைத்தளம் என்பது யாது? நண்பரும் உறவினரும் கூடிப் பேசும் தளங்களைப் போலன்றி, உத்தியோகத்தர், வணிகர், ஆசிரியர், பொறியியலாளர், வேலை தேடுவோர், வேலை கொடுப்போர் ஆகியோர் தத்தம் தொழிலின் பொருட்டுக் கூடும் இடம் அது. இவற்றுள் மிகப் பெரியது லிங்க்ட்இன். 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற இத்தளத்தை, 2016ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஏறக்குறைய 2,620 கோடி டொலர் விலைக்கு வாங்கியது. 2023ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அதன் அங்கத்தினர் தொகை 100 கோடியை எட்டியது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கல்வி, அனுபவம், பதவி ஆகியவற்றைத் தம் பெயராலேயே பதிந்து வைத்திருப்பர். புனைபெயரில் ஒளிந்துகொண்டு பேசும் வழக்கம் அங்கே குறைவு. இச்செய்தி பின்னர் நமக்கு முக்கியமாகும்.

இத்தளத்தில் இப்போதுள்ள வாக்கெடுப்பு முறை 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிமுகமாயிற்று. கொள்ளைநோய் காரணமாக உலகெங்கும் அலுவலகங்கள் மூடிக்கிடந்த காலம் அது. வீட்டிலிருந்து வேலை செய்வோர், சக ஊழியரின் முகத்தைப் பாராது, பிறர் என்ன நினைக்கின்றனர் என்பதை அறிய ஆவல் கொண்டிருந்தனர். முறையோ எளியது. கேட்பவர் 140 எழுத்துக்களுக்கு மேற்படாத வினாவொன்றை எழுதுவார். அதற்கு இரண்டு முதல் நான்கு வரையான விடைகளைக் கொடுப்பார். ஒவ்வொரு விடையும் 30 எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும். வாக்கெடுப்பு ஒரு நாள், மூன்று நாட்கள், ஒரு வாரம், இரண்டு வாரங்கள் ஆகியவற்றுள் எவ்வளவு காலம் நடைபெற வேண்டும் என்பதையும் அவரே தெரிவு செய்வார். காண்பவர் தமக்கு உகந்த விடையை விரலால் தொட்டால் போதும். அவ்வாறு தொட்ட பின்னர், எவ்விடைக்கு நூற்றுக்கு எத்தனை வீதத்தினர் வாக்களித்துள்ளனர் என்பது அவர் கண்முன் தோன்றும்.

இவ்வளவு சிறிய கருவி பலரையும் கவர்வதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. மேலதிகாரி, சக ஊழியர், வருங்கால எசமானர் எனப் பலரும் காணத்தக்க ஓரிடத்திலே, தம் பெயரால் ஒரு கருத்தை நான்கு வரிகளில் எழுதுவதற்குத் துணிவு வேண்டும், நேரமும் வேண்டும். விடையொன்றைத் தொடுவதற்கு அவ்வளவு துணிவு வேண்டியதில்லை. கூட்டத்தில் எழுந்து பேச நாணுபவரும், கையுயர்த்தச் சொன்னால் உயர்த்துவதில்லையா? அதுபோன்றதே இதுவும். இரண்டாவது காரணம், பிறர் என்ன நினைக்கின்றனர் என்பதை அறியும் ஆவல். தாம் வாக்களித்தாலன்றிப் பெறுபேற்றைக் காண இயலாது என்றிருக்கும்போது, அவ்வாவலே வாக்களிக்கத் தூண்டிவிடுகின்றது.

மூன்றாவது காரணம் தளத்தின் உள்ளே இயங்கும் பொறிமுறையைச் சார்ந்தது. ஒருவர் தளத்தைத் திறக்கும்போது எப்பதிவை முதலிற் காட்டுவது என்பதைக் கணினியே தீர்மானிக்கின்றது. பலர் தொட்டும் கருத்துரைத்தும் ஈடுபட்ட பதிவைப் பயனுள்ளதெனக் கருதி, அது மேலும் பலருக்குக் காட்ட முற்படும். வாக்கெடுப்பில் ஈடுபடுதல் எளிதாகையால், வாக்கெடுப்புப் பதிவுகள் விரைந்து பரவின. இதனைக் கண்டுகொண்டோர், கேட்பதற்கு எதுவும் இல்லாதபோதும் கேட்கத் தொடங்கினர். காலையில் தேநீரா கோப்பியா, திங்கட்கிழமை பிடிக்குமா பிடிக்காதா என்றவாறு வினாக்கள் பெருகின. முடிவில், வாக்கெடுப்புகள் அளவுமீறிவிட்டன என்று அங்கத்தினர் முறையிட, 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், அவற்றைக் குறைத்துக் காட்டப்போவதாக லிங்க்ட்இன் நிறுவனமே அறிவித்தது. தூண்டிலில் இரை கோத்து வீசுவது போல, ஈடுபாட்டை மட்டுமே நாடிக் கேட்கப்படும் வினாவுக்கு மதிப்பு நெடுநாள் நிலைப்பதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, நல்ல வினா எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நோக்குவோம். கணக்கியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். வேலை பார்ப்போருக்கென வகுப்பொன்றைத் தொடங்க அவர் எண்ணுகிறார். 'கணக்கியல் கல்வி இன்று அவசியமா?' என்று அவர் கேட்பாராயின், ஏறக்குறைய அனைவரும் ஆம் என்பர். அதனால் அவர் அறிந்துகொண்டது ஒன்றுமில்லை. 'வகுப்பின் நேரமும் கட்டணமும் உமக்கு ஏற்றவையா?' என்று கேட்டாலோ, நேரம் ஏற்றதாயும் கட்டணம் ஏலாததாயும் உள்ளவர் எதனைத் தொடுவார்? ஒரு வினாவில் ஒரு பொருளையே கேட்டல் வேண்டும். 'திறமையுள்ள உத்தியோகத்தர் தம் ஓய்வு நேரத்தைக் கல்விக்குப் பயன்படுத்துவதில்லையா?' என்பது வினாவே அன்று. விடையை வினாவுக்குள்ளே பொதிந்து வைத்து வாக்கைப் பறிக்கும் தந்திரம்.

அவ்வாசிரியர் கேட்க வேண்டியது வேறு. 'வாரத்தில் எந்நேரம் நீர் வகுப்புக்கு வர இயலும்?' என வினவி, 'வேலைநாள் மாலை', 'சனிக்கிழமை காலை', 'ஞாயிற்றுக்கிழமை காலை', 'இவற்றுள் எதுவுமில்லை' என நான்கு விடைகளை அவர் கொடுக்கலாம். இங்கே விடைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை. எவரும் தமக்கு இடமில்லை என்று திரும்பிச் செல்ல வேண்டியதுமில்லை. நான்காவது விடையைப் பலர் வீணென எண்ணி விட்டுவிடுவர். உண்மையில், பல வேளைகளில் மிகுந்த பயன் தருவது அதுவே. அதனைத் தொட்டவர் மிகப் பலராயின், ஆசிரியரின் எண்ணம் முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கும். வினாவின் கீழே, 'வேறு நேரம் ஏற்றதாயின் எழுதுக' என்று ஒரு வரி சேர்ப்பாராயின், எண்கள் கூறாத காரணங்களையும் அவர் பெறுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்கெடுப்பு முடிந்ததும் அதன் பெறுபேற்றையும், அதனைக் கொண்டு தாம் செய்த முடிவையும் அவர் வெளியிடுதல் வேண்டும். வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதாத ஒலிபரப்பாளருக்கு அடுத்த கடிதம் வருவது அரிது.

நிற்க. இவ்வாறு கிடைத்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கூற்று. கருத்துக்கணிப்புக் கலை முழுவதும் இச்சிறு கூற்றினுள் அடங்கும். ஆயின், அக்கூற்று உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானை முழுவதும் ஒருசேர வெந்திருக்க வேண்டும். அல்லது நன்கு கிளறிய பின்னர், கைக்கு வந்த பருக்கையை எடுத்தல் வேண்டும். அடியிலே குழைந்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானையில், மேற்பருக்கைகளை எத்தனை எடுத்துப் பார்த்தாலும் அடிச்சோற்றின் பதம் தெரியாது.

இதனை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்றது. 'லிற்றரரி டைஜெஸ்ற்' என்னும் வார இதழ், அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி பெறுபவர் யார் என்று அறிவதற்காக ஏறக்குறைய ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுக்களைத் தபாலில் அனுப்பியது. அவற்றுள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. அல்பிரட் லாண்டன் என்பவர் நூற்றுக்கு 57 வீத வாக்குகளைப் பெற்று வெல்வார் என்று இதழ் கூறியது. முந்திய தேர்தல்கள் பலவற்றில் அதன் கூற்றுப் பலித்திருந்தமையால் பலரும் நம்பினர். தேர்தல் முடிந்தபோது, பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 வீத வாக்குகளுடன், 48 மாநிலங்களுள் 46இல் வெற்றி பெற்றிருந்தார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வேர்மொன்ற் ஆகிய இரு மாநிலங்களே.

தவறு எங்கே நேர்ந்தது? இதழ் தன் பெயர்ப்பட்டியலைப் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருப்போர், மோட்டார் வாகனம் வைத்திருப்போர் ஆகியோரின் பதிவேடுகளிலிருந்து எடுத்தது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில், இவை வசதி படைத்தோரிடமே மிகுதியாக இருந்தன. வேலையிழந்தவரும் வறியவரும் அப்பட்டியலில் உரிய இடம் பெறவில்லை. அதுமட்டுமன்று. சீட்டைப் பெற்றவருள் நால்வரில் ஒருவர் அளவினரே விடையனுப்பினர். மாற்றம் வேண்டுமென்ற வேட்கை மிக்கவரே அதிகமாக அனுப்பினர். அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பவர், பல்வகை மக்களும் இடம்பெறுமாறு தெரிந்தெடுத்த ஏறத்தாழ 50,000 பேரின் கருத்தைக் கொண்டே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகக் கூறினார். 'லிற்றரரி டைஜெஸ்ற்' 1938ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எனினும் கலப்பும் தவறாதவரல்லர். 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்று கூறி அவரும் பிழைபட்டார். தேர்தலுக்குப் பல நாள் முன்னரே கேட்பதை நிறுத்திவிட்டமை அதற்கு ஒரு காரணமாகும்.

தொழில்சார் வலைத்தள வாக்கெடுப்பைப் பொறுத்தவரை, பானையைக் கிளறுவோர் எவருமில்லை. பருக்கைகள் தாமாகவே அகப்பைக்குள் வந்து விழுகின்றன. முதலாவதாக, அத்தளத்தில் கணக்கு வைத்திருப்போர் மட்டுமே வாக்களிக்கக் கூடியவர். அவருள்ளும், கேட்பவரின் தொடர்பில் உள்ளவருக்கும் அவருக்கு அண்மையில் உள்ளவருக்குமே வினா மிகுதியாகத் தென்படும். அவ்வாறு தென்பட்டவருள்ளும், அப்பொருளில் அக்கறை கொண்டவரே தொடுவர். 'வேலை தேடுவோருக்குப் பெருந்தடை எது?' என்று அங்கே கேட்டால், வலைத்தளக் கணக்கும் கைத்தொலைபேசியும் உடைய பட்டதாரியின் தடை தெரியவரும். தோட்டத் தொழிலாளியின் மகனுக்கோ, கடற்றொழிலாளியின் மகளுக்கோ உள்ள தடை அதில் தெரியவராது போகலாம். அந்த எண்களை வைத்துக்கொண்டு நாட்டிலுள்ள இளைஞரின் குறை இதுவே என்று ஒருவர் திட்டம் வகுப்பாராயின், மிகவும் உதவி வேண்டி நிற்பவரே அத்திட்டத்திற்கு வெளியே நிற்பர்.

வீதக்கணக்கு மயக்கும் தன்மையுடையது என்பதையும் மறத்தலாகாது. 'நூற்றுக்கு 60 வீதத்தினர் உடன்படுகின்றனர்' என்னும் தொடர் பெரியதாக ஒலிக்கும். வாக்களித்தோர் பத்துப் பேராயின் உடன்பட்டவர் ஆறு பேரே; இருவர் மனம் மாறினால் முடிவும் மாறிவிடும். எவ்விதச் சார்புமின்றித் தெரிந்தெடுத்த 1,000 பேரைக் கேட்டால், கிடைக்கும் வீதம் பொதுவாக உண்மையிலிருந்து மூன்று புள்ளிகளுக்கு மேல் விலகாது. 100 பேராயின் அவ்விலகல் பத்துப் புள்ளிகள் வரை செல்லும் என்பது கணிதம் தரும் கணக்கு. ஆனால், தாமாக வந்து வாக்களித்தோருக்கு இக்கணக்கும் பொருந்தாது. அங்கே தொகை பெருகுவதனால் மட்டும் உண்மை நெருங்கி வருவதில்லை. 20 இலட்சம் சீட்டுக்கள் பெற்றும் பிழைபட்ட இதழின் கதை கற்பிக்கும் பாடம் இதுவே.

எண்ணைப் பற்றிய இவ்வெச்சரிக்கைகளினும் பெரியது ஒன்றுண்டு. அது வாக்களிப்பவரின் பாதுகாப்பைப் பற்றியது. 1856ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இரகசிய வாக்களிப்பு முறை சட்டமாயிற்று. 1872ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் அதனை ஏற்றது. நிலக்கிழாரும் முதலாளியும் பார்த்திருக்க வாக்களிப்பவன், தன் மனச்சாட்சிப்படி வாக்களிக்க இயலாது என்பதை நெடுநாள் அனுபவத்தால் அறிந்தே அம்முறை ஏற்படுத்தப்பட்டது. லிங்க்ட்இன் வாக்கெடுப்பில் அத்தகைய மறைவு இல்லை. வாக்களித்தவர் எவர், எவ்விடையைத் தொட்டார் என்பதை வினாவெழுப்பியவர் ஒவ்வொருவராகக் காணலாம். ஏனையோர் காண்பதில்லை, கேட்டவர் காண்பார். இதனை அறியாமலே வாக்களிப்போர் பலர்.

இதன் விளைவைச் சற்றே சிந்தித்துப் பார்க்கலாம். 'இவ்வாண்டு வேறு வேலைக்குச் செல்ல எண்ணுகின்றீரா?' என்று ஒருவர் கேட்கிறார். காரியாலயத்தில் மனம் நொந்திருந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், இரவிலே கைத்தொலைபேசியில் அதனைக் கண்டு, 'ஆம்' என்பதைத் தொட்டுவிடுகிறார். அது நூற்றுக்கணக்கானோரின் கூட்டத்தில் மறைந்துவிடும் ஒரு புள்ளி என்பது அவர் எண்ணம். கேட்டவரின் பக்கத்திலோ, அப்புள்ளிக்கு அருகில் அவருடைய பெயரும், பதவியும், வேலை செய்யும் நிறுவனமும் உள்ளன. கேட்டவர் அவருடைய மேலாளரின் நண்பராக இருக்கலாம். வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவராகவும் இருக்கலாம். சம்பளம், உடல்நலம், மேலதிகாரி மீதுள்ள அதிருப்தி ஆகியவற்றைப் பற்றிய வினாக்களும் இத்தகையனவே. அரசியற் கருத்து, மருத்துவ நிலை முதலியவற்றை வாக்கெடுப்பில் கேட்கலாகாது என்று தளத்தின் விதியே கூறுகின்றது. விதி தொடாத இடங்களிலும் கேட்பவரின் பண்பு தொடுதல் வேண்டும். விடையளிப்பவருக்குத் தீங்கு விளைக்கக்கூடிய வினாவை அங்கே எழுப்பாதிருத்தல் முதற் கடமை. பெயர்களைத் தாம் காணக்கூடும் என்பதை வினாவின் கீழே வெளிப்படையாகக் கூறுதல் அடுத்த கடமை. உண்மையான விடை வேண்டப்படும் நுண்ணிய பொருளாயின், பெயரில்லாத படிவம் ஒன்றை வேறாக வழங்குவதே முறை.

விடையளிப்பவருக்கும் சில செய்திகள் பயன்படும். வினாவைத் தொடுமுன் கேட்பவர் யார் என்பதைப் பார்த்தல் நன்று. தம் பெயரால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கத் தயங்கும் விடையை, விரலாலும் தொடாதிருத்தல் நன்று. பெறுபேற்றைக் காணும்போது, மொத்த வாக்குகள் எத்தனை, வாக்களித்தோர் எத்தகையோர் என்னும் இரு வினாக்களையும் தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. பத்திரிகையிலோ கூட்டத்திலோ எவரேனும் 'வாக்கெடுப்பு இவ்வாறு கூறுகின்றது' என்று மொழியும்போதும் இவ்விரு வினாக்களும் உதவும்.

இவற்றால் வலைத்தள வாக்கெடுப்பு பயனற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. வகுப்பின் நேரத்தைத் தீர்மானிக்க விரும்பிய ஆசிரியருக்கு, நாடு முழுவதன் கருத்தும் தேவையில்லை. தம் வகுப்புக்கு வரக்கூடியவரின் கருத்தே தேவை. அவருக்கு அது சிறந்த கருவி. உரையாடலொன்றைத் தொடங்குவதற்கும், பேசத் தயங்குவோரைப் பேச்சுக்குள் அழைப்பதற்கும், அடுத்து எதனை எழுதலாம் என்று எழுத்தாளர் அறிவதற்கும் அது உதவும். உள்ளூர்க் கடைக்காரர், தம்மிடம் வருவோரைக் கேட்டு அடுத்த வாரச் சரக்கைத் தீர்மானிப்பது போன்றது அது. ஆனால், தம் கடைக்கு வருவோரைக் கேட்டறிந்ததை ஊரின் தீர்ப்பென்று அவர் பறைசாற்றுவதில்லை.

ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்த அந்நாளைய ஒலிபரப்பாளர், நேயரின் கடிதத்தைப் பிரித்தபோது அதிற் கண்டது ஒரு மனிதரின் கையெழுத்தை. இன்று கேட்பவரின் கண்முன் நிற்பது ஒரு வீதக்கணக்கு. அவ்வெண்ணுக்குப் பின்னால், தம் பெயரையும் பிழைப்பையும் நம்பி ஒப்படைத்த மனிதர் ஒவ்வொருவரும் இருக்கின்றனர் என்பதை மறவாதிருப்பவரே, அவையோரைக் கேட்கும் தகுதியுடையவர். அத்தகையவர் அடுத்த முறை வினவும்போதும் மக்கள் விடையளிப்பர்.